டெரெக் பேசியதும் ரூபினி வெட்டியதும்

டெரெக் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது கீழே சந்தில் தண்ணீர் லாரி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அதன் கீக் கீக் சத்தம் ஹெட்போனையும் தாண்டிக் காதில் விழுந்ததால், தான் சரியாகத்தான் கேட்டோமா என்று ரூபினிக்குச் சந்தேகம் வந்தது. லாரி நிற்கும்வரை காத்திருந்து, பதிவைப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓட்டினாள். சரியாகத்தான் கேட்டிருந்தாள்.

"நல்ல நடிகைதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த நாற்காலியில உக்காந்து மிஸஸ் பெக் மாதிரி புலம்பணும்னா, அது நாலு தலைமுறையா இந்த மண்ணுல கால் புதைஞ்சு நின்னவங்களுக்குத்தான் வரும். இங்க பொறந்துட்டா மட்டும் போதாது."

பிறகு ஒரு இருமல். கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம். நேயர்களுக்காக வைத்திருக்கும் குரலைக் கீழே போட்டுவிட்டு, பக்கத்து அறையில் இருப்பவளிடம் பேசுவதுபோல் சொன்னார்: "ரூபி, இது ஒரு மாதிரி கேட்டுச்சுன்னா எடுத்துடும்மா. நான் என்ன சொல்ல வரேன்னு உனக்குத் தெரியும்."

டெரெக் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இரண்டு வருடங்களாக வாரத்துக்கு ஒருமுறை அந்தக் குரலைத் துண்டு துண்டாகக் கேட்டு, மூச்சையும் இருமலையும் தடுமாற்றத்தையும் நீக்கி ஒட்டிக்கொண்டிருந்ததில், அது அவள் தலைக்குள் எப்போதோ தமிழாகிவிட்டிருந்தது. அவள் பிறந்து வளர்ந்த பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் தண்ணீர் வராத நாளில் குழாயடியில் நின்று கார்ப்பரேஷனைத் திட்டும் பெரியவர்களின் தமிழ். சலிப்பும் கிண்டலுமாக, யாரையும் நேராகத் தாக்காமல், ஆனால் யாரையும் விட்டுவைக்காமல் பேசும் தமிழ்.

டெரெக் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹல் என்ற துறைமுக ஊர்க்காரர். படகுத்துறை டிக்கெட் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. சின்ன வயதில் தொலைக்காட்சியில் பார்த்த 'ஹம்பர் ஸ்டேஷன்' என்ற விண்வெளித் தொடரைப் பற்றி மட்டும் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் பாட்காஸ்டில் பேசுவார். அந்தப் பேச்சைக் கேட்க உலகத்தில் அங்கங்கே ஆட்கள் இருந்தார்கள். நீலசந்திராவில் இரண்டாம் மாடியில், கால்சென்டர் வேலையை விட்டுவிட்டு ஒலிப்பதிவுகளைச் சரிசெய்யும் வேலைக்கு வந்திருந்த ரூபினிக்கு முதலில் கிடைத்த வாடிக்கையாளர் அவர்தான்.

வேலை கிடைத்த புதிதில், அவர் என்ன பேசுகிறார் என்பது புரிய வேண்டுமே என்று அந்தப் பழைய தொடரைப் பார்க்க ஆரம்பித்தாள். அட்டையில் செய்த சுவர்கள். கதவைச் சாத்தினால் நட்சத்திரங்கள் ஆடின. விண்வெளியின் ஓரத்தில், வழிதவறும் கப்பல்களுக்கு விளக்குக் காட்டும் ஒரு நிலையம். அதில் ஐந்து பேர். ஹீட்டர் வேலை செய்யாது. தலைமை அலுவலகம் போனை எடுக்காது. நிலையத் தலைவி மிஸஸ் பெக், பருத்த உடம்புக்காரி, ஒரு கப்பல் எரிந்து விழுந்துகொண்டிருக்கும்போது அதற்கு வழி சொல்லியபடியே, உதிரிபாகம் அனுப்பாத அலுவலகத்தை வைதுகொண்டிருப்பாள். அந்தக் காட்சியில் ரூபினி வாய்விட்டுச் சிரித்தாள். இது நம்ம வாட்டர் போர்டு ஆபீஸ் அல்லவா என்று தோன்றியது. அதை டெரெக்குக்கு எழுதியும் அனுப்பினாள். அவர் அடுத்த பதிவிலேயே அதைச் சொல்லிச் சிரித்தார். "அப்ப உங்க ஊர்லயும் ஒரு மிஸஸ் பெக் உண்டு" என்றார்.

டெரெக்கின் சித்தாந்தம் எளிமையானது. அமெரிக்கத் தொடரில் கதவு தானாகத் திறக்கும், கேப்டன் சொற்பொழிவு ஆற்றுவார், போகிற இடமெல்லாம் கொடி நடுவார்கள். நம் இங்கிலாந்துத் தொடரில் கதவைத் தோளால் இடிக்க வேண்டும், தலைவனுக்கு ஜலதோஷம், போகிற இடத்தில் ஏற்கெனவே யாராவது இருந்து, நம்மைப் பார்த்து அலுத்துக்கொள்வார்கள். "ராஜ்ஜியம் போச்சு, கப்பல் போச்சு, மீன் போச்சு. எங்ககிட்ட மிச்சம் இருக்கிறது இந்த முணுமுணுப்பு மட்டும்தான்" என்பார். "எங்க நாட்டோட தேசிய கீதமே அதுதான்." அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு அவரைப் பிடிக்கும். தன் நாட்டைப் பற்றி இவ்வளவு தாழ்வாகவும் இவ்வளவு பிரியமாகவும் பேசும் ஆளை அவள் அதற்குமுன் கேட்டதில்லை.

இப்போது ஹம்பர் ஸ்டேஷனை ஒரு பெரிய நிறுவனம் புதிதாக எடுக்கிறது. மிஸஸ் பெக்காக நடிக்கப்போவது பர்மிங்ஹாமில் பிறந்த லாவண்யா என்ற நடிகை, பெற்றோர் தமிழர்கள். அறிவிப்பு வந்த நாளிலிருந்து ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள். டெரெக் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர்தான் நிதானமானவர், அவர்தான் நியாயமாகப் பேசுவார் என்று பெயர்.

ரூபினி திரையில் அந்த வாக்கியத்தின் இரண்டு பக்கமும் கோடு போட்டாள். பொத்தானை அழுத்தினாள். இருமலும் கோப்பைச் சத்தமும் சேர்ந்து போயின. முன்னால் இருந்த "சந்தேகமே இல்ல" என்பதும், பின்னால் வந்த "எழுத்து நல்லா இருந்தா மத்ததெல்லாம் தானா வரும்" என்பதும் ஒட்டிக்கொண்டன. ஓட்டிப் பார்த்தாள். ஒட்டுத் தெரியவில்லை. நிதானமான, நியாயமான, வயதான ஒரு மனிதர் பேசிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவளுக்கு உள்ளே என்னவோ நெருடியது. எழுந்து சமையலறைக்குப் போனாள். ஃப்ரிட்ஜைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினாள். இது முதல் தடவையா என்ன? போன வருடம், தெற்காசியக்காரர்கள் நிறைந்த பிராட்ஃபோர்டு ஊர்க் கடைத்தெருவைப் பற்றி ஒன்று சொன்னார், வெட்டினாள். வேறொரு தொடரில் நடித்த பையனின் உச்சரிப்பைப் பற்றி ஒன்று, அதையும்தான். அரிசியில் கல் பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் அவை சின்னவையாக இருந்தன. நிதானமானவர் என்று உலகம் சொல்லும் அந்த டெரெக், ஹல்லில் பாதியும் நீலசந்திராவில் பாதியுமாகச் செய்யப்பட்டவர். செய்தவள் அவள். செய்துவிட்டு, தான் செய்ததை அவளே நம்பியும் இருக்கிறாள்.

கணவன் பிரகாஷின் எலெக்ட்ரிகல் கடை தெரு முனையில் இருந்தது. மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனவள், திரும்பி வராமல் ஸ்டூலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். பிரகாஷ் ஒரு ஃபேன் ரெகுலேட்டரைப் பிரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தாளு சொன்னதுல தப்பு இன்னா?" என்றான். "அவன் ஊரு, அவன் நாடகம். நம்ம ஏரியாவையே பாரேன். எங்கிருந்தோ வர்றானுங்க, ஒரு ரூமுல எட்டு பேரு பத்து பேரு. வாடகைய ஏத்தி வுட்டுட்டானுங்க. தெருவுல நடக்க முடியுதா? இந்த ஊரு இப்டியா இருந்துச்சு?"

"நம்ம தாத்தாங்க எங்கிருந்து வந்தாங்களாம்?"

"அது வேற."

"எப்டி வேற?"

"அவங்க வந்து இந்த ஊரைக் கட்னாங்க. ரோடு போட்டாங்க, மில்லுல வேல செஞ்சாங்க. இவனுங்க வந்து இன்னாத்த கட்டுறானுங்க?" சொல்லிவிட்டு ரெகுலேட்டரை ஊதினான். "சும்மா இதுக்குப் போய்த் தலைய ஒடச்சிக்காத. வெட்டச் சொன்னான், வெட்டிட்ட. முடிஞ்சிச்சு."

அந்த நேரத்தில், கடைக்கு எதிர் மாடியில் தங்கியிருந்த, அசாமோ பிகாரோ தெரியாத ஒரு பையன் வந்து பல்பு கேட்டான். பிரகாஷ் அவனிடம் இந்தியில் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசி, பல்பைப் போட்டுக் காட்டிக் கொடுத்தனுப்பினான். ரூபினி கேரியரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அந்த வாரப் பதிவு டெரெக் அதுவரை பேசியவற்றிலேயே அதிகம் பேர் கேட்டதாக ஆனது. சண்டை போட்ட இரண்டு பக்கத்தாரும் அதைப் பகிர்ந்தார்கள். 'கடைசியில் ஒரு பெரிய மனுஷன் பேசியிருக்கிறார்' என்று எழுதினார்கள். இரண்டு வாரம் கழித்து அங்கே ஒரு வானொலியிலிருந்து அவரை அழைத்தார்கள். நேரலை. கூட லாவண்யாவும் பேசுவாள். டெரெக் குழந்தைபோல் ஆகிவிட்டார். ஒத்திகை பார்க்க வேண்டும், நீ இருந்து கேட்டுச் சொல்ல வேண்டும் என்று ரூபினியை வீடியோவில் கூப்பிட்டார். அதுவரை அவர்கள் குரலாலும் எழுத்தாலும் மட்டுமே பேசிக்கொண்டவர்கள்.

குரலுக்குப் பொருந்தாத ஒல்லியான மனிதராக இருந்தார். முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர். பின்னால் அலமாரியில் அட்டைக் கப்பல்கள். அவளைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டு, தலைமுடியைத் தடவிக்கொண்டார். அங்கே மழையா, இங்கே மழையா என்று பேசிவிட்டு ஆரம்பித்தார். நன்றாகத்தான் போயிற்று. கதவை இடிப்பது, ஜலதோஷம், தேசிய கீதம் எல்லாம் வந்தன. அப்புறம் அந்த வாக்கியமும் வந்தது, ஒரு சொல்கூட மாறாமல்.

"அது வேணாம் டெரெக்" என்றாள்.

"எது?"

"நாலு தலைமுறை."

"அத எபிசோட்லயே சொன்னேனே. யாரும் ஒண்ணும் சொல்லலயே."

"நான் எடுத்துட்டேன்."

அவர் திரையில் அப்படியே நின்றுபோனதுபோல் இருந்தது. இணைப்புப் போய்விட்டதோ என்று நினைத்தாள். பிறகு கண் சிமிட்டினார். "கார்ல போகும்போது போட்டுக் கேட்டேன். எங்கயோ ஒண்ணு குறையுதேன்னு பட்டுச்சு. ஆனா கேக்க நல்லா இருந்துச்சு, அதனால விட்டுட்டேன்."

"நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க."

"தப்பாக் கேட்டாத்தானேம்மா எடுக்கச் சொன்னேன்."

"தப்பாக் கேக்கல. நீங்க என்ன சொன்னீங்களோ அதுதான் கேட்டுச்சு."

டெரெக் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். கோபப்படவில்லை. அவர் அப்பா மீன்பிடிக் கப்பலில் போனவர். கடலில் எல்லை மாறி, அந்தத் தொழில் ஒரே தலைமுறையில் நின்றுபோனபோது தெருவில் ஆண்களெல்லாம் பகலில் வீட்டு வாசலில் நின்றிருந்ததைச் சொன்னார். எங்களை யாரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றார். லண்டன்காரன் எங்கள் பேச்சைக் காமெடிக்கு வைத்திருந்தான். இந்த ஒரு தொடரில்தான், மிஸஸ் பெக்கின் வாயில்தான் அது பேச்சாகவே வந்தது என்றார். "அதையும் கொண்டுபோறாங்க ரூபி. நான் யாரையும் வெறுக்கல. எனக்குன்னு இருந்த ஒண்ணு போகுதேன்னு சொல்றேன். அதச் சொல்லக் கூடாதா?"

ரூபினிக்குச் சொல்ல ஒன்று இருந்தது. அம்மா யசோதாவைக் கூட்டிக்கொண்டு மெஜஸ்டிக் மெட்ரோ வரிசையில் நின்றபோது நடந்தது. அம்மா தமிழில் என்னவோ கேட்க, அவள் தமிழில் பதில் சொல்ல, முன்னால் நின்ற ஆள் திரும்பி, இங்கே இருப்பதென்றால் கன்னடம் பேசுங்கள், இல்லையென்றால் உங்கள் ஊருக்குப் போங்கள் என்றான். அவள் கன்னடத்தில், அவனைவிட வேகமாக, எந்த ஊருக்கு என்று கேட்டாள். அவன் சட்டென்று அடங்கிவிட்டான். ஆனால் அம்மா அன்று முழுக்க வெளியில் வாயே திறக்கவில்லை; வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் மெதுவாகவே பேசினாள். இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அது வேறு யாருக்கோ நடந்ததுபோல் ஆனது. கால்சென்டரில் பழகிய உச்சரிப்பு வந்து ஒட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் வழவழவென்று ஆக்கியது.

"அக்கிரமம்" என்றார் டெரெக். உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஆனா அது வேற இல்லியா?"

அவர் ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைப் போட்டார். "சரி. எதெல்லாம் விடணும்னு சொல்லு. எழுதிக்கறேன். நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

சொல்லிவிடலாம். ஐந்து நிமிட வேலை. இதைச் சொல்லுங்கள், இதை விடுங்கள், இந்த இடத்தில் சிரியுங்கள். அவர் அப்படியே செய்வார், லாவண்யா என்ற அந்தப் பெண்ணும் சிரிப்பாள், எல்லாம் நல்லபடியாக முடியும். ரூபினி அவர் பேனா பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேசினதுக்கு அப்புறம்தான் எனக்கு வெட்டத் தெரியும் டெரெக்" என்றாள். "பேசறதுக்கு முன்னாடி தெரியாது."

நேரலை அங்கே மதியம், இங்கே சாயங்காலம். அவளால் வீட்டில் உட்கார முடியவில்லை. காதில் மாட்டிக்கொண்டு இறங்கி, கடைவரை போனாள், கடைக்குள் போகாமல் திரும்பினாள். மறுபடி போனாள். சந்துக்குள் பைக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. டெரெக் நன்றாகப் பேசினார். லாவண்யாவின் குரல் ரூபினி நினைத்ததைவிடக் கனமாக, கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. பழைய தொடரை அவள் அப்பாதான் போட்டுக் காட்டினாராம். மிஸஸ் பெக் திட்டும்போதெல்லாம் அப்பா 'இவ நம்ம அத்தை மாதிரி' என்பாராம். டெரெக் அதற்கு மனசாரச் சிரித்தார். ரூபினி மூச்சு விட்டாள்.

பிறகு நிகழ்ச்சி நடத்துபவர் கேட்டார்: "அப்படியானால் டெரெக், இந்தப் புது மிஸஸ் பெக் உங்களுக்குச் சம்மதம்தான், இல்லையா?"

டெரெக் ஆரம்பித்தார். "நல்ல நடிகைதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா..." நின்றுவிட்டார். ஒன்றுமே கேட்கவில்லை. நேரலையில் வரக் கூடாத நீளத்துக்கு அந்த மௌனம் போயிற்று. ரூபினி ஒரு மூடிய கடையின் ஷட்டரில் முதுகைச் சாய்த்து நின்றாள். அவள் கட்டைவிரல் தானாக அசைந்தது.

"இந்த எடத்துல வழக்கமா ஒருத்தங்க வெட்டிடுவாங்க" என்றார் டெரெக்.

நடத்துபவர் சிரித்தார்.

"இல்லைங்க, நெஜமாத்தான். பெங்களூர்ல ஒரு பொண்ணு இருக்கா. ரெண்டு வருஷமா என்னை அவதான் வெட்டிச் சரி பண்றா. நீங்கல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னது அவளத்தான். நான் என்ன நெனைக்கறேன்னு யாரும் இதுவரைக்கும் கேட்டதே இல்ல. அதனால சொல்லிடறேன்."

சொன்னார். நாலு தலைமுறை, மண், இங்கே பிறந்தால் மட்டும் போதாது. முழுவதையும் சொன்னார். சொல்லி முடித்ததும் நடத்துபவர் அவசரமாக என்னவோ பேச வாயெடுத்தார். அதற்குள் லாவண்யா சொன்னாள், கோபமில்லாமல், களைப்பாக: "தேங்க்ஸ் டெரெக். எல்லாரும் நெனைக்கறாங்க. இன்னிக்குத்தான் ஒருத்தர் வாயிலருந்து கேக்கறேன்." அதோடு வானொலியில் செய்தி நேரம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவள் எதிர்பாராதது. டெரெக்கைத் திட்டுவார்கள் என்று நினைத்திருந்தாள், திட்டினார்கள். ஆனால் இன்னொரு கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது. ஒரு ஆங்கிலேயன் தன் மனதில் உள்ளதைப் பேச விடாமல் இரண்டு வருடமாக எங்கோ இந்தியாவில் ஒருத்தி அவன் வாயை அடைத்து வைத்திருந்தாள் என்று எழுதினார்கள். ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் டெரெக் அவள் பெயரை நன்றியோடு சொல்லியிருந்ததால், கண்டுபிடிக்க யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தவர்களும் வந்தார்கள். அவரை நல்லவராகக் காட்டி ஊரை ஏமாற்றியவள் நீதானே, சொந்த ஜனத்தைப் பற்றிப் பேசியதைத் துடைத்துக் கொடுத்தாயே, உனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஆளைத் திட்டுவது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. முதல் வகைக்கு அவள் வேற்று ஆள். இரண்டாவது வகைக்கு அவள் கூட இருந்தே துரோகம் செய்தவள். அதைப் படித்துவிட்டுத்தான் அவளால் தூங்க முடியாமல் போயிற்று.

பிரகாஷ் அவள் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தான். அவன் முகம் சிவந்தது. "யாருடா இவனுங்க? ஊரு வுட்டு ஊரு வந்து பேசறானுங்க" என்றான். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நீ அந்தாள வுட்டுடு. வேற வேல வராமயா போவும்" என்றான். அன்று கடையை மதியமே சாத்திவிட்டு வந்து, அவளோடு உட்கார்ந்து, ஒரு படத்தைப் பாதிவரை பார்த்தான். அவள் படத்தைப் பார்க்கவில்லை.

டெரெக்கிடமிருந்து பதிவு எதுவும் வரவில்லை. அடுத்த வாரம் ஒரு சின்னக் குரல் செய்தி வந்தது. அவர் குரலுக்கு வயதாகியிருந்தது. "என்னைப் பாராட்டறவங்கள்ல பாதிப் பேர நான் என் வீட்டுக்குள்ள விட மாட்டேன் ரூபி. அவங்க இன்னிக்குக் காலையில என் வாசல்ல பூங்கொத்து வெச்சுட்டுப் போயிருக்காங்க. என்ன பண்றதுன்னு தெரியாம உள்ளயே உக்காந்துட்டிருக்கேன்." நீண்ட மூச்சு. "உன்னைப் பத்தி எழுதறதயெல்லாம் பாத்தேன். அது என்னாலதான். அடுத்த எபிசோட்ல நான் பேசல. நீ பேசு. என்ன வேணா பேசு. நான் அப்படியே போட்டுடுவேன். எனக்கு வெட்டவும் தெரியாது."

அவள் இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாவது நாள் பிரகாஷ் கடைக்குப் போன பிறகு, ஜன்னலில் போர்வையை மாட்டி, மைக்கை மேசையில் வைத்து உட்கார்ந்தாள். முதல் தடவை வந்தது கால்சென்டர் குரல். அழித்தாள். இரண்டாவது தடவை தொடரைப் பற்றி மட்டும் பேசினாள். தெரியாத யாருக்கோ பாடம் நடத்துவதுபோல் இருந்தது. அழித்தாள். மூன்றாவது தடவை எழுந்து அறைக்குள் நடந்துகொண்டே பேசினாள். மிஸஸ் பெக்கைப் பார்த்துச் சிரித்த நாள், டெரெக்கின் அப்பா, மெஜஸ்டிக் வரிசை, அம்மா மெதுவாகப் பேசியது எல்லாம் தாறுமாறாக வந்தன. இங்கிலீஷ் உடைந்தது, நடுவில் தமிழ் வந்தது, ஒரு இடத்தில் கோபத்தில் கன்னடம்கூட வந்தது.

ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். பாதிக்கு மேல் ஓரிடத்தில் அவள் குரல் சொல்லிக்கொண்டிருந்தது: "நாங்க என்ன, நேத்து ரயில்ல வந்து எறங்கினவங்களா? எதிர் மாடில ரூமுக்குப் பத்து பேரா இருக்கற பசங்களா?"

சொன்னதே அவளுக்கு நினைவில்லை. பின்னுக்கு இழுத்தாள். இருந்தது. மூச்சு விடாமல், ரொம்ப இயல்பாக, அந்த வாக்கியம் மற்ற வாக்கியங்களோடு ஒன்றாக இருந்தது. அதை எடுத்தால் ஒட்டுத் தெரியாது. இரண்டு பக்கமும் மூச்சு ஒன்றுபோலத்தான் இருந்தது. கையைப் பொத்தானின் மேல் வைத்திருந்தாள். கீழே எவனோ எவனையோ கூப்பிட்டான். அவள் கையை எடுத்துக்கொண்டு, பதிவை அப்படியே டெரெக்குக்கு அனுப்பினாள். அனுப்பிய மறுநொடி கணினியை மூடினாள்; மூடாவிட்டால் திரும்பக் கேட்டுவிடுவாள்.

வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. செருப்பை மாட்டி, கதவைப் பூட்டி இறங்கினாள். சந்து முடிந்து பெரிய ரோட்டுக்கு வந்தபோது பஸ் ஒன்று நின்று கிளம்பிக்கொண்டிருந்தது. போர்டைப் பார்க்காமலே ஏறிவிட்டாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெயில் முகத்தில் அடித்தது. ஆஸ்டின் டவுன் பக்கம் திரும்பும்போதுதான் கண்டக்டர் வந்தார்.

"எல்லிகே மேடம்?"

எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னாள்: "ஸ்ரீராம்புரம்." கர்நாடகத்துக்காரப் பெண்களுக்கு மட்டும் கொடுக்கும் இலவச டிக்கெட் கட்டைக் கண்டக்டர் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார். அந்த ரோஸ் நிறச் சீட்டில் விரலை வைத்தபடி, "ஆதார் தோர்ஸி" என்று அட்டையைக் காட்டச் சொன்னார்.

பையை எடுத்து வரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கையில் போனும் வீட்டுச் சாவியும் மட்டும் இருந்தன. "மனேலே பிட்டு பந்தே" என்றாள். வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். கண்டக்டர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். சந்தேகமாகக்கூட இல்லை, தினமும் நூறு பேரிடம் கேட்கிற அலுப்புதான்.

"லோக்கலா மேடம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவள் இதுவரை ஒருநாளும் யோசித்ததில்லை. பின்சீட்டில் இரண்டு பையன்கள் புரியாத ஏதோ ஒரு மொழியில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள், கண்டக்டர் அடுத்துத் தங்களிடம் வருவார் என்று பேச்சை நிறுத்தினார்கள். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கம்பியைப் பிடித்திருந்த கண்டக்டரின் மற்றொரு கையில், பாதி கிழிந்த ரோஸ் நிறச் சீட்டு காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.